குடம் வைத்துப் பார்

என் மேசை மேல் பேனாக்களை நிறுத்தி வைக்க ஒரு பழைய பிஸ்டன் இருக்கிறது. செவர்லே 350 எஞ்சினின் ஏழாம் சிலிண்டரில் ஓடியது. அதன் தலையில், ஓரத்தில், சுண்டுவிரல் நுழையுமளவு ஓட்டை. யாரும் துளைத்ததல்ல, உருகி விழுந்தது. மெல்லிய பேனா என்றால் ஓட்டை வழியே மேசைக்கு இறங்கிவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், "நான் கட்டிய ஃபீஸ்" என்று சொல்லிவிடுவேன். என்ன படித்தேன் என்று எழுதுவதற்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

நான் இருப்பது டெட்ராய்ட்டுக்கு மேற்கே. இந்தப் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி ஒருவர். அவரிடமிருந்துதான் அந்த 1972 செவர்லே நோவா காரை வாங்கினேன். 5.7 லிட்டர் வி8, மேலே நாலு வாய் ஹாலி கார்புரேட்டர். அரை மணி நேரத் தூரத்தில் மிலன் என்ற ஊரில் டிராக் (drag) பந்தயம், அதாவது கால் மைலை நேர்கோட்டில் முழு வேகத்தில் ஓட்டும் பந்தயம், நடக்கும் தளம் இருக்கிறது. முதல் வருடம் சும்மா ஓட்டினேன். இரண்டாம் வருடம் ஆசை வந்தது: நைட்ரஸ்.

நைட்ரஸ் என்றால் நைட்ரஸ் ஆக்சைடு. 1772-இல் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தது. பல் டாக்டர்கள் கொடுக்கும் சிரிப்பு வாயுவும் இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள், காற்று மெலிந்த உயரத்தில் பறக்கும் போர் விமானங்களின் எஞ்சினுக்குள் இதைச் செலுத்தினார்கள். கார் கடையில் விற்கும் நைட்ரஸில் கொஞ்சம் சல்ஃபர் டை ஆக்சைடு கலந்திருப்பார்கள், யாரும் சிரிப்பதற்காக மோந்து பார்த்துவிடக் கூடாது என்று.

இது எரிபொருள் இல்லை. தானாக எரியாது. எஞ்சினுக்குள் 300 டிகிரி வாக்கில் சூடாகும்போது பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. எடைக் கணக்கில் காற்றில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36 சதவீதம். அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்குத் தோதாகக் கூடுதல் பெட்ரோல் உள்ளே போனால் கூடுதல் சக்தி. பெட்ரோல் போதவில்லை என்றால்?

வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டிங் பார்த்திருப்பீர்கள். முதலில் இரும்பைச் செக்கச் செவேலென்று சூடாக்குவார். அப்புறம் லீவரை அழுத்தி ஆக்சிஜனை விடுவார். அதற்குமேல் இரும்பே எரிந்து பிளந்துகொண்டு போகும். பெட்ரோல் குறைந்த சிலிண்டரில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் உலோகம். என் மேசை மேல் இருக்கிறவருக்கு நடந்தது அது.

இத்தனைக்கும் நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவில்லை. பெட்ரோல் அழுத்தத்துக்குக் கேஜ் மாட்டியிருந்தேன். எஞ்சின் சும்மா ஓடும்போது 6.5 பிஎஸ்ஐ காட்டியது. கார்புரேட்டருக்கு அது சரியான அளவு. முள் ஆடக்கூட இல்லை. மூன்றாவது ஓட்டத்தில், தளத்தின் முக்கால்வாசி தாண்டியபோது, பின்னால் வெள்ளைப் புகை.

மறுநாள் பெரியவர் வந்து பார்த்தார். பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆறரை காட்டியது சரி. அப்போது பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா?"

எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. எஞ்சினியரிங் படித்ததால் அல்ல, கோயம்புத்தூரில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்ததால். எங்கள் தெருவில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில், குழாயைத் திறந்ததும் முதலில் சர்ரென்று பாயும். மேல்வீட்டுக்காரர் லைனில் மோட்டாரைப் போட்ட அடுத்த நிமிடம் நூலாகிவிடும். குழாயை மூடிக் கைவிரலால் அழுத்திப் பார்த்தால் அப்போதும் உள்ளிருந்து முட்டும். அம்மா அந்த முட்டலையெல்லாம் நம்ப மாட்டார். "குடத்தை வெச்சுப் பாரு. எத்தனை எண்றதுக்குள்ள நெறையுதுன்னு பாரு" என்பார். குடம் அறுபதுக்குள் நிறைந்தால் இன்றைக்குத் துணி துவைக்கலாம். நூறைத் தாண்டினால் குடிக்க மட்டும்.

மூடிய குழாயில் அழுத்தம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஓடாத பெட்ரோலுக்கு எந்தத் தடையும் தெரியாது. ஹோஸ் நசுங்கியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஜ் மட்டும் 6.5 என்றே சொல்லும். என் காரில் கார்புரேட்டருக்கும் நைட்ரஸுக்கும் ஒரே பம்ப். முழு ஆக்ஸிலேட்டரில் அந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்குமேல் குடிக்கும். மேல்வீட்டு மோட்டார் அதுதான். நைட்ரஸ் பக்கத்துக்குக் கிடைத்தது நூல்.

எஞ்சினைப் பிரித்துக் கட்ட ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பணமும் முதுகுவலியும்தான். இந்த முறை நைட்ரஸுக்கென்று தனி பெட்ரோல் பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தனி ரெகுலேட்டர், டேங்கிலிருந்தே தனி லைன் போட்டேன். பழையபடி ஒரே பம்ப்தான் என்கிறவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறந்து அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்து அளந்தால் அது மேல்வீட்டுக்காரர் ஊருக்குப் போன நாளில் தண்ணீர் பிடித்த கணக்கு.

எவ்வளவு பெட்ரோல் வர வேண்டும் என்பதற்கு இங்கே ஓட்டுகிறவர்கள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: நைட்ரஸ் கூட்டும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் மணிக்குப் பத்தில் ஒரு பங்கு கேலன். என்னுடையது 100 குதிரைத்திறன் செட்டிங். ஆக மணிக்கு 10 அமெரிக்க கேலன், நிமிடத்துக்குச் சுமார் 630 மில்லி, பத்து வினாடிக்கு 105 மில்லி. ஒரு டம்ளர்கூட இல்லை. வேதியியல் புத்தகக் கணக்குப்படி ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஒன்பதரைப் பங்குக்குச் சற்று மேல் நைட்ரஸ் எரியும். நடைமுறையில் அதைவிட நிறையப் பெட்ரோல் கொடுப்பார்கள். மிச்சப் பெட்ரோல் வீண் இல்லை. பிஸ்டனுக்குக் காவல் அதுதான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை அளந்து பார்க்கலாம் என்று முடிவு. மனைவியின் தம்பி அப்போது இங்கே மேல்படிப்புக்கு வந்திருந்தான். காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான், நைட்ரஸ் அடிப்பதைப் பார்க்கலாம் என்ற நினைப்பில். நான் செய்த முதல் வேலை நைட்ரஸ் பாட்டிலைக் கழற்றி வீட்டின் மறுபக்கம் கொண்டுபோய் வைத்தது.

"ஏனுங் மாமா, வால்வை மூடுனா பத்தாதுங்களா?"

"பத்தாது மாப்ளே. லைன்ல கொஞ்சம் தங்கியிருக்கும்."

எஞ்சின் ஓடாத நேரத்தில் மேனிஃபோல்டுக்குள், அதாவது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் பாதைக்குள், நைட்ரஸ் கசிந்து தேங்கினால், சாவியைத் திருப்பும்போது கார்புரேட்டரே பானெட்டைத் தாண்டிப் போகலாம். பெட்ரோல் தேங்கினாலும் ஆபத்துதான், வேறு மாதிரி. சிலிண்டருக்குள் இறங்கிய திரவத்தை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆகவே இந்தச் சோதனையில் எஞ்சினுக்குள் எதுவும் போகக் கூடாது. பாட்டில் காரில் இல்லை, நைட்ரஸ் லைன் திறந்து காலி, இக்னிஷன் காயில் ஒயர் கழற்றியாயிற்று, எஞ்சின் ஆறிக் கிடக்கிறது. சொலினாய்டு என்பது மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு; பிளேட் என்பது கார்புரேட்டருக்கு அடியில் நைட்ரஸையும் அதன் பெட்ரோலையும் தெளிக்கும் தகடு. இதன் பிறகுதான் பெட்ரோல் சொலினாய்டிலிருந்து பிளேட்டுக்குப் போகும் குழாயை பிளேட் பக்கம் கழற்றினோம்.

காரைக் கராஜுக்கு வெளியே தள்ளியதும் பையனுக்கு வேடிக்கையாக இருந்தது. சில வீடுகளில் வெந்நீர் பாய்லர் கராஜிலேயே இருக்கும், அடியில் எப்போதும் ஒரு சின்னச் சுடர் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துப் போகும். கடும் பனியில்கூட, மைனஸ் 40 டிகிரியில்கூட, பெட்ரோலின் மேல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி இருக்கும். ஆகவே வெட்டவெளி. பக்கத்தில் உலர் பொடி தீயணைப்பான், கையுறை, கண்ணாடி. பிடிக்கும் ஜாடி தரையில், கையில் அல்ல. குழாய் முனை ஜாடியின் உள்சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். உயரத்திலிருந்து சிதறி விழும் பெட்ரோலில் நிலைமின்சாரம் சேரும். ஸ்விட்ச் ஒயர்களையெல்லாம் பெட்ரோலைத் திறக்கும் முன்பே இணைத்து முடித்துவிட்டோம். கடைசி நேரத்தில் பேட்டரியில் ஒயரை உரசி "இதோ பார்" என்று காட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்துதான் நானும் தொழில் கற்றேன். அந்தப் பொறி ஒன்று போதும்.

குழாய் முனையில் பெட்ரோல் ஜெட்டை மாட்டினோம். ஜெட் என்பது நடுவில் நுண்ணிய துளை போட்ட பித்தளைத் துண்டு. அதில் 52 என்று அடித்திருந்தால் துளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 52 பங்கு. ஓட்டத்தில் எந்த ஜெட்டோ அதையேதான் சோதனைக்கும் போட வேண்டும். வெறும் குழாயைத் திறந்துவிட்டு "நல்லா வருதே" என்றால், தெருக்குழாயில் வருவதைப் பார்த்து மாடி ஷவரில் குளித்த மாதிரி.

ஜாடி விஷயத்தில் ஒரு குற்றம் நடந்தது. மில்லி கோடு போட்ட ஜாடி எதுவும் கையில் இல்லை. மாப்பிள்ளை சமையலறைக்குப் போய் அவன் அக்காவின் அளவு ஜாடியைத் தூக்கி வந்துவிட்டான். பெட்ரோல் தாங்கும் பிளாஸ்டிக்தானா என்று அடியில் இருக்கும் குறியைப் பார்த்தேன். பாலிப்ரோப்பிலீன், ஒரு காலைக்குத் தாங்கும். அக்கா தாங்குவாளா என்பதை இருவரும் பேசவில்லை.

பம்பை ஓடவிட்டோம். கேஜ் 6.5. அவன் ஸ்டாப் வாட்ச், நான் ஸ்விட்ச். சொலினாய்டு டக்கென்று திறந்தது. முள் அப்படியே சரிந்து 4.2-இல் நின்றது. பத்து வினாடி. ஜாடியில் 74 மில்லி.

"பரவால்லீங்களே மாமா, முக்கால் பங்கு வந்துருச்சே" என்றான். அந்த வராத கால் பங்கை நினைவூட்ட மேசை மேல் ஒருவர் இருக்கிறார் என்றேன்.

மூன்று தடவை பிடித்தோம். 74, 75, 74. அதாவது ஏதோ நிலையான தடை. அவனுக்கு உடனே ரெகுலேட்டரைத் திருகி 9 ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. எனக்கும் தோன்றியது, மறைப்பானேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் போல. "கேஜுக்கு முன்னால் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

யோசித்தால் எளிது. கேஜ் இருப்பது ரெகுலேட்டருக்கும் சொலினாய்டுக்கும் நடுவில். பெட்ரோல் ஓடும்போது முள் சரிகிறது என்றால் கேஜுக்கு வந்து சேரும் வழியில் ஏதோ குறை: டேங்க், ஃபில்டர், பம்ப், லைன், ரெகுலேட்டர் இதில் ஒன்று. மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.5 வோல்ட். பின்னால் படுத்து பம்ப் முனையில் பார்த்தால் 10.9. ஒன்றரை வோல்ட்டுக்குமேல் எங்கேயோ காணாமல் போகிறது. எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. பம்பின் எர்த் ஒயரை பெயின்டைச் சுரண்டாமல் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. முறுக்கியவர் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்.

அடைத்து வைத்த லைனில் பம்புக்கு அவ்வளவு உழைப்பு இல்லை, ரெகுலேட்டர் கேட்ட 6.5-ஐ இந்த வோல்ட்டிலும் காட்டிவிடும். ஓட்டம் என்று வந்தால்தான் மூச்சு வாங்கும். சுரண்டி, உலோகம் தெரிய வைத்து முறுக்கியதும் 12.3 கிடைத்தது. பெட்ரோலைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரை 6.5-க்குத் திருகி வைத்தோம். நிறுத்தியதும் கேஜ் ஏழுக்குமேல் ஏறியது. ஏறட்டும். ஓடும்போது காட்டுவதுதான் கணக்கு.

இப்போது கேஜ் சரி. ஜாடி? 92 மில்லி.

இந்த இடத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரையே. ஓடும் அழுத்தத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்கிறவர்கள் நிறைய. நானும் அன்று காலை அதோடு நிறுத்தியிருப்பேன், 6.5 அழகாக நின்றதே. ஜாடிதான் 105-க்குப் பதில் 92 என்றது. முள் சரியவில்லை, ஆனால் அளவு குறைகிறது என்றால் தடை கேஜுக்குப் பின்னால் இருக்கிறது. கேஜுக்குப் பின்னால் இருப்பவை மூன்றே மூன்று: சொலினாய்டு, கொஞ்சம் குழாய், ஜெட். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், சுத்தமாக வட்டமாகத் தெரிந்தது. சொலினாய்டின் வாயில் ஒரு சின்ன சல்லடை உண்டு. அதைக் கழற்றியபோது வெள்ளையாக நூல் நூலாக வந்தது.

டெஃப்லான் டேப். வீட்டுக் குழாய்க்கு மரையில் சுற்றுவோமே, அதே. நைட்ரஸிலும் பெட்ரோலிலும் அதைச் சுற்றக் கூடாது, பேஸ்ட் மாதிரி வரும் சீலன்ட்தான் தடவ வேண்டும் என்று நைட்ரஸ் கிட்டோடு வரும் குறிப்பிலேயே எழுதியிருக்கும். முறுக்கும்போது டேப்பின் ஓரம் பிய்ந்து உள்ளே போகும். சல்லடையில் நின்றது என் நல்ல நேரம். ஜெட் துளையில் போய் நின்றிருந்தால் ஓட்டத்தின் நடுவில் பெட்ரோல் நின்றிருக்கும். யார் சுற்றியது என்று மாப்பிள்ளை கேட்கவில்லை, நல்ல பையன். பம்ப் எர்த் விஷயத்திலேயே விடை தெரிந்துவிட்டது.

சல்லடையைக் கழுவி, மரைகளைத் துடைத்து, சீலன்ட் தடவிப் பிடித்தோம். 104, 104, 105.

பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, பம்ப் ஓட, பத்து நிமிடம் ஜெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு விழக் கூடாது. மூடிய சொலினாய்டு சொட்டினால், இரவெல்லாம் மேனிஃபோல்டில் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருக்கும். விழவில்லை. உலகத்திலேயே சலிப்பான பத்து நிமிடம் அது, எங்கள் இருவருக்கும் காபி வந்து ஆறிப்போனது. காபி கொண்டு வந்தவள் ஜாடியைப் பார்த்தாள். அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.

அடுத்தது அழுத்த ஸ்விட்ச். பெட்ரோல் அழுத்தம் 5-க்குக் கீழே போனால் நைட்ரஸ் சொலினாய்டின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய சின்ன உறுப்பு. நைட்ரஸ் ஒயரில் ஒரு டெஸ்ட் லேம்ப்பை மாட்டி, பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பை நிறுத்தினோம். முள் இறங்கியது, ஐந்தைத் தாண்டுகிறபோது விளக்கு அணைந்தது. இதை மாட்டியவர்களில் எத்தனை பேர் அணைகிறதா என்று பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். நான் போன தடவை இதை வாங்கவே இல்லை.

எல்லாம் மாட்டி, சிந்தியதைத் துடைத்து, துடைத்த துணிகளை வெளியே விரித்துக் காயப்போட்டு, ஆவி போகும்வரை காத்திருந்து, கடைசியில் எஞ்சினை ஓட விட்டேன். பாட்டில் இன்னும் வீட்டின் அந்தப் பக்கம்தான். 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வினாடி பட்டனை அமுக்க, எஞ்சின் திணறி, கருப்பாகப் புகை விட்டு, மறுபடி மூச்சு வந்தது. நைட்ரஸ் இல்லாமல் அதன் பெட்ரோல் மட்டும் போனதால் வந்த திணறல். பெட்ரோல் எஞ்சினுக்குள் வருகிறது என்பதற்கு அது சாட்சி. எவ்வளவு வருகிறது என்று அது சொல்லாது. பலர் இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு டெஸ்ட் முடிந்தது என்கிறார்கள்.

ஜாடிக் கணக்கு பாட்டிலின் சூட்டோடும் சேர்ந்தது. நைட்ரஸ் 30 டிகிரி சூட்டில் தானாகவே சுமார் 900 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். பாட்டில் அதற்குமேல் சூடானால் நைட்ரஸ் அதிகம் பாயும், பெட்ரோல் அதே 105 மில்லிதான். கணக்கு மறுபடி கெட்டுவிடும். 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்றே ஒன்று இருக்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைவாக இருக்கிறதே என்று பாட்டிலை டார்ச் நெருப்பில் காட்டிச் சூடாக்கும் ஆட்கள் எல்லா ஊர்த் தளங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் காரை நிறுத்தாதீர்கள்.

அடுத்த நாள் மிலனுக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறு கார் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டிராக் ஓட்டத்தில் தளம் நனைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பாட்டிலை மூடிக் கழற்றி, பேசாமல் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தேன். கராஜ் கதவு திறந்திருந்தது, கார் வெளியே இருந்தது. பாட்டிலைக் காணோம். பிளேட் பக்கக் குழாயைக் கழற்றி, ஜாடியைத் தரையில் வைத்து, மாப்பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் கையில் ஸ்டாப் வாட்ச்.

"நூத்தி நாலுங்க மாமா" என்றான், தலையைத் தூக்காமலே.